ஆறு மாத பேட்ச் வகுப்பில் படித்து வேலை மாறுவது: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் (சரக்குக் கிடங்கில்) 9 வருடம் வேலை பார்த்தேன். 34 வயதில் அதை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் 24 வார டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுகளை அலசி விடை காணும் வேலை) பயிற்சியில் சேர்ந்தேன். இப்போது அங்கேயே ஒரு சிறிய நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட். விஷயம் தெரிந்ததிலிருந்து எங்கள் எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். போனில் அவசரமாகச் சொல்லும்போது முக்கியமானது விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

‘கோஹார்ட்’ பயிற்சி என்கிறார்களே, அது கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து எப்படி வேறு?

கம்ப்யூட்டர் சென்டரில் எந்த மாதமும் சேரலாம், நேரம் கிடைக்கும்போது போய் உட்காரலாம். கோஹார்ட் என்பது ஒரே நாளில் சேர்ந்து ஒரே நாளில் முடிக்கும் குழு. நம் பேச்சில் சொன்னால் ஒரு பேட்ச். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வேலை, ஒரே கெடு. வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள், நாள் முழுக்க நடக்கும். அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கியவற்றில் முக்கியமானது 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப். முன்னோடி என்று பெயர் வாங்கிய அந்த நிறுவனமே 2017-ல் மூடப்பட்டது. பெரிய பெயர் என்பதற்காக மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்ச் முறையின் பலம் கூட உட்காரும் ஆட்களில் இருக்கிறது. வகுப்பில் சேர்வதற்கு முன் இரவில் வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் படிக்க முயன்றேன். மூன்று முறையும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ‘லூப்’ வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். பேட்ச்சில் சேர்ந்த பிறகு, பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு நர்ஸ் தங்கை வெள்ளிக்கிழமை மதியமே கேட்கும்: “முடிச்சிட்டீங்களா அண்ணா?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே முடித்தேன்.

ஆறு மாதம் போதுமா?

பாடத்துக்கு ஓரளவு போதும். வேலை மாறுவதற்குப் போதாது. என் கணக்கைச் சொல்கிறேன். வகுப்புக்கு முன்பு வீட்டிலேயே படித்தது 2 மாதம், வகுப்பு 6 மாதம், வேலை தேடியது 5 மாதம். மொத்தம் 13. விளம்பரம் பேசுவது நடுவில் இருக்கும் ஆறை மட்டும்தான். நீங்கள் வீட்டில் பேசும்போது ‘ஒரு வருடம்’ என்று பேசுங்கள். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு எட்டாவது மாதம் கையைப் பிசைந்து நிற்பது வீட்டில் எல்லோரையும் வாட்டிவிடும். என் மனைவி எங்கள் சேமிப்பைப் பார்த்து 14 மாதத்துக்குத் திட்டம் போட்டிருந்தாள். கடைசி மூன்று மாதம் நான் தைரியமாக இன்டர்வியூவுக்குப் போனதற்கு அவளுடைய அந்த நோட்டுதான் காரணம்.

எவ்வளவு செலவாகும்? இஎம்ஐயில் கட்டலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பலர் அடிபட்ட இடம் இது.

முதலில், சொல்லும் கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் என்றால் கையிலிருந்து போவது 1,18,000. அதோடு தங்கும் செலவு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் உக்கடம் போய், அங்கிருந்து காந்திபுரம், அப்புறம் வகுப்பு நடக்கும் சரவணம்பட்டி என்று தினமும் போய் வந்தால் நாளில் நாலு மணி நேரம் ரோட்டிலேயே போகும். முதல் வாரமே அது என்னால் முடியவில்லை. அங்கே கணபதி என்ற பகுதியில் மூன்று பேராக ரூம் எடுத்தோம்.

இஎம்ஐ விஷயத்துக்கு வருகிறேன். “மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள்” என்று பயிற்சி நிறுவனம் சொல்லும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, முழுப் பணத்தையும் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். இனிமேல் நீங்கள் கடன்பட்டிருப்பது நிதி நிறுவனத்திடம். வகுப்பு பிடிக்கவில்லை என்று நின்றாலும், நிறுவனமே பூட்டிக்கொண்டு போனாலும், ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிப்பார்கள். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் இறங்கும். நாளைக்கு வீட்டுக்கடன், தங்கை கல்யாணத்துக்குக் கடன் என்று போகும்போது அது எதிரே வந்து நிற்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’யைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்றால், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குறைக்கிறார்கள் என்றால், அந்த வித்தியாசம்தான் வட்டி.

‘வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்’ என்ற ஒப்பந்தமும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஒப்பந்தத்தில் ஐந்து விஷயத்தைத் தேடுங்கள்: எவ்வளவு சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும், சம்பளத்தில் எத்தனை சதவீதம், எத்தனை மாதம், மொத்தத்தில் உச்சவரம்பு எவ்வளவு, ‘வேலை’ என்று எதைச் சொல்கிறார்கள். கடைசியைப் பலர் பார்ப்பதில்லை. பழைய வேலைக்கே திரும்பப் போனாலும் பணம் கட்ட வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தத்தை நானே படித்திருக்கிறேன். ஒரிஜினல் சான்றிதழையோ கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்து முடித்த இடத்துக்கு முன்னால் இன்னொரு பயிற்சி நிலையத்தில் 15,000 முன்பணம் கட்டினேன். பேட்ச் தொடங்கும் தேதியை மூன்று முறை தள்ளினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.’ நான் அதைப் படிக்கவே இல்லை. அப்போது எனக்குத் தெரியாத ஒன்று: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை கொடுத்தவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது பாலக்காட்டிலேயே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு, விளம்பர நோட்டீஸ் எதையும் அழிக்காதீர்கள்.

‘100 சதவீதம் வேலை’ என்கிறார்களே?

போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், ஆறு மாதத்துக்குள் இதே துறையில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று மூன்று எண்ணைக் கேளுங்கள். சதவீதத்தைக் கேட்காதீர்கள். 30 பேர் சேர்ந்து 12 பேர் முடித்து, அந்த 12 பேரும் எங்கேயோ வேலைக்குப் போனால் அதையும் 100 சதவீதம் என்று எழுத முடியும். அவர்களே தரும் இரண்டு போன் நம்பரோடு நிறுத்தாதீர்கள். லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி, பழைய மாணவர்கள் இரண்டு பேருக்கு நீங்களாகவே எழுதுங்கள். எனக்குப் பதில் எழுதியவர்களில் ஒருவர் “எஸ்க்யூஎல் ஆசிரியர் யார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்” என்றார். (எஸ்க்யூஎல் என்பது தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி.) அவ்வளவுதான் எழுதியிருந்தார். அது போதுமானதாக இருந்தது.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராது. முடியுமா?

நானும் பத்தாம் வகுப்பு வரை இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம்தான். இந்தப் பயத்தை முழுசாகப் புரிந்துகொள்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வகுப்பில் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. கோயம்புத்தூர் ஆசிரியர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் நடத்துகிறார்கள். கஷ்டம் வந்தது மூன்று இடத்தில்: திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிப்பது, மெயில் எழுதுவது, இன்டர்வியூவில் முதல் ஒரு நிமிடம். பிழைச் செய்திக்கு ஒரு நோட்டு போட்டேன். இடதுபக்கம் செய்தி, வலதுபக்கம் தமிழில் அதன் பொருளும் நான் எப்படிச் சரிசெய்தேன் என்பதும். இரண்டு மாதத்தில் அறுபது வரிகூட ஆகவில்லை, ஆனால் அந்த அறுபதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் ஒரு நிமிட அறிமுகத்தை எழுதி, போனில் பதிவு செய்து, பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போனேன்.

முன்கூட்டியே தமிழில் கொஞ்சம் படித்துக்கொள்ள ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ இருக்கிறது. இலவசம். லினக்ஸ் (விண்டோஸ் போல ஒரு இலவச இயங்குதளம்), லிப்ரேஆபீஸ் (எக்செல், வேர்டு போன்றவற்றின் இலவச மாற்று), பைத்தான் எல்லாம் தமிழ்க் குரலிலேயே உண்டு. கேரளப் பள்ளியில் படித்த இளையவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. இங்கே பள்ளிக் கணினி அறையே லினக்ஸில்தான் ஓடுகிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதைப் பார்த்து நீங்கள் மிரள வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையாளம் நமக்குக் காதோடு வந்தது. எழுதப் படிக்கவும் பலருக்குத் தெரியும். என்னை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்குத் திருச்சூரில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவரிடம் மலையாளத்தில் பேசி, தேவையைத் தமிழில் டீமுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. எல்லையில் பிறந்ததால் கிடைத்த இதை என் பயோடேட்டாவில் முதல் முறை நான் எழுதவே இல்லை. ஆசிரியர் சொன்ன பிறகுதான் சேர்த்தேன்.

9 வருட ஸ்டோர்ஸ் அனுபவம் வீணாகிவிடாதா?

வீணாகவில்லை. எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான் என்று நம்புகிறேன்.

ஸ்டோர்ஸில் மாதக் கடைசியில் ஒரு வேலை உண்டு. பர்ச்சேஸ் ஆர்டர் பட்டியலை இடது பக்கமும் சரக்கு வந்து சேர்ந்ததைப் பதியும் ஜிஆர்என் ரிஜிஸ்டரை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, ஆர்டர் போட்டும் சரக்கு வராத வரிகளைச் சிவப்புப் பேனாவால் சுழிப்போம். வகுப்பில் ஐந்தாவது வாரம் எஸ்க்யூஎல்லில் ‘லெஃப்ட் ஜாயின்’ நடத்தினார்கள். இடப்பக்கப் பட்டியலில் உள்ள எல்லா வரியும் வரும், வலப்பக்கம் ஜோடி இல்லாத வரிகளுக்கு அந்த இடம் காலியாக நிற்கும் என்று ஆசிரியர் சொன்னார். பாதி வகுப்பு திணறியது. எனக்கு அந்தச் சிவப்புச் சுழி கண்ணில் வந்தது. அடுத்த நாள் ‘நல்’ என்பதும் (காலி இடத்தை எஸ்க்யூஎல்லில் அப்படித்தான் சொல்வார்கள்) பூஜ்யமும் ஏன் வேறு என்று கேட்டார்கள். சரக்கு இருப்பை எழுதும் அட்டையான பின் கார்டில் 0 என்று இருந்தால் எண்ணிப் பார்த்து, சரக்கு இல்லை என்று எழுதியது. காலியாக இருந்தால் யாரும் எண்ணவே இல்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் ஆடிட்டில் மாட்டுவோம். வகுப்பில் நான் முதல் முறை கையைத் தூக்கிப் பேசியது அன்றைக்குத்தான்.

கடைசி புராஜெக்டுக்கு எல்லோரும் இணையத்தில் கிடைக்கும் சினிமா, கிரிக்கெட் டேட்டாவை எடுத்தார்கள். நான் ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும் உதிரிபாகங்களைக் கண்டுபிடித்து ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு செய்தேன். டேட்டா முழுக்க நானே கற்பனையாக உருவாக்கியது. பழைய கம்பெனியின் டேட்டாவை ஒரு வரிகூட வெளியே கொண்டுவரக் கூடாது. அது தப்பு, சட்டச் சிக்கலும் கூட. இன்டர்வியூவில் இருபது நிமிடம் அதைப் பற்றியே கேட்டார்கள்.

அதனால் நீங்கள் டீச்சர் என்றால் மதிப்பெண்ணையும் வருகையையும் எடுங்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருந்தவர் ஷிப்மென்ட் தாமதத்தை எடுங்கள். நர்ஸ் தங்கை வார்டில் படுக்கை காலியாகும் நேரத்தை எடுத்தது. பழைய தொழிலைக் கூடவே கொண்டு வாருங்கள். 22 வயதுப் பையனிடம் இல்லாதது உங்களிடம் அது ஒன்றுதான்.

நாங்கள் கேரளா. தமிழ்நாட்டுத் திட்டங்களில் சேர முடியுமா?

தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் தமிழ்நாட்டவர்களுக்கானது. பொள்ளாச்சி, கோவை கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் கல்லூரியிலேயே கேளுங்கள், ஏனென்றால் அங்கே அது கல்லூரி வழியாக நடக்கிறது. மற்றவர்கள் கேரளத் திட்டங்களைப் பாருங்கள். கேரள அரசின் திறன் பயிற்சி நிறுவனமான ‘அசாப்’புக்கு நம் மாவட்டத்தில் குழல்மந்தத்தில் திறன் பூங்கா இருக்கிறது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கும் ஐசிடி அகாடமி ஆஃப் கேரளா டேட்டா, புரோகிராமிங் பயிற்சிகள் நடத்துகிறது. உதவித்தொகை கேட்கும்போது பூர்வீகச் சான்றிதழ் கேட்கலாம். அட்சயா இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள். தனியார் வேலைக்கு எந்த மாநில ரேஷன் கார்டு என்று யாரும் கேட்பதில்லை.

வேலையை விடாமல் ஆன்லைனில் படிக்கலாமா?

மாலை நேர பேட்ச் இருக்கிறது, பத்து மாதம்வரை போகும். ஷிப்ட் மாறாத வேலை என்றால் இதுவே நல்லது. இரவு ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களால் தொடர முடிவதில்லை, நான் பார்த்த இரண்டு பேரும் மூன்றாவது மாதம் நின்றுவிட்டார்கள். ஆடிக் காற்றில் நம் பக்கம் கரண்ட் படும் பாடு தெரியும். லேப்டாப் பேட்டரியும் இரண்டு கம்பெனி சிம்மும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்காக வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. நான் சேரலாமா?

தாராளமாக. எங்கள் பேட்ச்சில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் முடித்தார்கள். ஏற்கெனவே ஐடி துறையில் இருந்து இடைவெளி விட்டவர் என்றால், ஸோஹோ நிறுவனம் அப்படிப்பட்ட பெண்களுக்கென்றே ‘மறுபடி’ என்ற பயிற்சியை நடத்தியிருக்கிறது. அடுத்தது எப்போது என்று பாருங்கள். வீட்டில் கேட்க வேண்டியது ஒன்று: மாலை ஆறு முதல் ஒன்பது வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? ‘பார்த்துக்கலாம்’ என்ற பதில் போதாது. ஒரு ஆளின் பெயர் வேண்டும்.

பின்தங்கிவிட்டால்?

எல்லோரும் பின்தங்குவார்கள். எனக்கு அது ஒன்பதாவது வாரம் வந்தது. பைத்தானில், பட்டியல்களைக் கையாளும் பாண்டாஸ் என்ற பகுதி தொடங்கியதும் ஒன்றும் ஏறவில்லை. தினமும் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நான்கு நாள் ‘எல்லாம் சரி’ என்று பொய் சொன்னேன். ஐந்தாம் நாள் உண்மையைச் சொன்னதும் ஒரு பையன் மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். கேட்க வெட்கப்பட்ட அந்த நான்கு நாளைத்தான் இப்போதும் நினைத்து வருந்துகிறேன்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா?

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, சாதாரண எஸ்க்யூஎல்லும் ரிப்போர்ட்டும் நொடியில் எழுதிக் கிடைக்கிறது. புதியவர்களுக்கான வேலை முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் வந்த எண் சரியா என்று சொல்ல ஆள் வேண்டும். போன மாதம் ஏஐ எழுதிக் கொடுத்த எஸ்க்யூஎல் கட்டளையில் ஒரு பொருளின் இருப்பு, அந்தக் குடோனில் அடுக்கவே முடியாத அளவுக்கு வந்தது. ஒரே ஆர்டருக்கு இரண்டு ஜிஆர்என் இருந்ததால் பட்டியலில் அந்த வரி இரட்டித்துவிட்டது. குடோனில் நின்று சரக்கு எண்ணியவனுக்கு அது உடனே உறுத்தும்.

முதல் சம்பளம் எப்படி?

நான் ஸ்டோர்ஸில் கடைசியாக வாங்கியதைவிட 2,000 குறைவாகத்தான் தொடங்கினேன். ஒன்றரை வருடத்தில் அதைத் தாண்டினேன். உடனே இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

யார் இதில் சேர வேண்டாம்?

வட்டிக்கு வாங்கித்தான் வீட்டுச் செலவு நடக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இப்போது வேண்டாம். முதலில் ஆறு மாதச் செலவாவது சேரட்டும். அப்புறம், இன்றைய மேனேஜர் மேல் இருக்கும் கோபத்தில் கிளம்புகிறவர்கள். அவர்களுக்கு வேறு கம்பெனி போதும். பட்டம் இல்லாதவர்களும் வயது குறைந்தவர்களும் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்கள். 2020-ல் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே மெதுவாகப் படிக்கலாம், கையில் பட்டமும் இருக்கும்.

நாளைக்கே தொடங்க என்ன செய்யட்டும்?

பணம் எதுவும் கட்ட வேண்டாம். வீட்டில் பால் சொசைட்டிச் சீட்டு இருக்குமே, மூன்று மாதச் சீட்டை எடுங்கள். தேதி, லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பல்லாத திடப்பொருள்), விலை என்று லிப்ரேஆபீஸ் கால்க்கில் ஏற்றுங்கள். எந்த வாரம் கொழுப்பு இறங்கியது, அந்த வாரம் தீவனம் மாறியதா, அதனால் எவ்வளவு பணம் குறைந்தது என்று மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள். மாடு இல்லாதவர்கள் கரண்ட் பில்லை எடுக்கலாம். முப்பது நாள் செய்யுங்கள். அதில் இருபது நாளாவது அந்த ஃபைலைத் திறந்திருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், இரவு எட்டு மணிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஊரில்தான் இருப்பேன். லேப்டாப்பும் சீட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.